குடிலுக்குப் புல் வளர்த்த கொட்டகை

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் எங்கிருந்து வருகிறது என்று இன்றைய பிள்ளைகளைக் கேட்டால், பாய் போலச் சுருட்டி வைத்த பச்சை பிளாஸ்டிக்கைக் காட்டுவார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அழுகாது, அடுத்த வருடமும் ஆகும். ஆனால் என்னைப் போல ஐம்பதைத் தாண்டிய நீங்கள், அதிலும் திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்திருந்தால், டிசம்பர் பிறந்ததும் ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகைத் தூவி ஜன்னலோரம் வைத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாதி வீடுகளில் அதைக் கோழி கிளறிவிடும். மீதி வீடுகளில் முளைத்துவிட்டதா என்று தோண்டிப் பார்த்தே நாம் கெடுத்துவிடுவோம். கடைசியில் பாலன் இயேசுவுக்கு வைக்கோல்தான் மிஞ்சும்.

அந்தப் புல்லை விற்ற ஒரு கடையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. தினமும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பின்னாளில்தான் வந்தது என்பதால் இதற்கு ஞாபகம் ஒன்றே ஆதாரம். கண்ணால் பார்த்ததையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் முடிந்த மட்டும் பிரித்தே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் மதுரை ரோட்டை ஒட்டி, காந்திகிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே திராட்சைப் பந்தல். வரிசையாகக் கல்தூண்கள், அவற்றின் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. அந்த வருடம் கொடிகளுக்கு நோய் கண்டு இலையெல்லாம் கருகிப்போனது. அப்பா கொஞ்ச நாள் மருந்தடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் அடியோடு வெட்டிக் கொளுத்திவிட்டார். தூண்களும் கம்பிகளும் மட்டும் நின்றன. பந்தலின் ஓரத்தில் பழம் அடுக்கும் கொட்டகை இருந்தது. ஓட்டுக்கூரை, பலகைக் கதவு, கதவுக்கு ஒரு நாதாங்கி. உள்ளே காலிப் பழப்பெட்டிகள் கூரையைத் தொட்டன. பழம் இல்லாத அந்த வருடமும் கொட்டகைக்குள் போனால் புளித்த திராட்சை வாசம் அடிக்கும்.

அந்தக் கொட்டகையைக் கேட்டவள் அத்தை, அப்பாவின் தங்கை. அவளைத் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை கிடையாது. தவக்காலத்தில் ஒரு நாள் அத்தை தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை என்பதை இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் திக்கென்கிறது. எங்களுக்கு அவள் பெரிய மனுஷி. என்னோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டாள். துணிக்கொடியில் அவள் சேலைகளை மடிப்புக் கலையாமல் தொங்கவிடும் விதத்தைப் பார்த்துத்தான் நானும் எதையும் ஒழுங்காக வைக்கப் பழகினேன்.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மழைக்காலத்தில் பேச்சு எழுந்தது. டவுனில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த பெரியப்பா, கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் மேட்ரன் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். சாப்பாடு, தங்க இடம், கௌரவமான வேலை. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். நல்ல இடம் என்று அப்பா சொன்னார். நல்ல இடம்தான் என்று அம்மாவும் சொன்னாள். அத்தை சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று படுக்கும்போது, கோயம்புத்தூர் குளிருமா என்று நான் கேட்டேன்.

"குளிருக்கென்ன, போத்திக்கிடலாம்" என்றாள் அத்தை. "மணிக்கு மணி பெல்லடிச்சு, அடுத்தவுக பிள்ளைகள எண்ணிக்கிட்டு இருக்கணும். எனக்கு இங்கயே இருக்கணும், மருமகளே. ஆனா சும்மா இருக்கவும் கூடாதுல்ல. இங்க எனக்குன்னு ஒரு வேல இருந்துச்சுன்னா யாரும் போகச் சொல்ல மாட்டாக."

அந்த வேலையை அவளே தேடிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கிறிஸ்துமஸ் வரைக்கும் கொட்டகையையும் பந்தலையும் தனக்குக் கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் கேட்டாள். குடில், நட்சத்திரம், பரிசுப்பெட்டி என்று கடை போடுவாளாம். சனி ஞாயிறுகளில் பந்தலடியில் சந்தை மாதிரி வெளியாட்களும் வந்து விற்கலாமாம். ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் நிற்குமாம். பஸ் நிற்கும் என்றதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பந்தல்ல திராட்சைதான் இல்ல. நீ என்னத்த வேணும்னாலும் தொங்க விடு, தாயி" என்றார்.

அவர் அதைப் பொழுதுபோக்கு என்றே நினைத்தார். போவதற்குள் பாவம், மனசு ஆறுதலாக இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

அந்த நவம்பர் கடைசியில் எங்கள் வீடு முழுக்கப் பசை வாசம். மூங்கிலைச் சீவி, நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்டி, வண்ணத்தாள் ஒட்டினோம். மைதாப் பசையைப் பூச்சி தின்னாமலிருக்க மயில்துத்தம் கலக்க வேண்டும். திராட்சைக்கு அடிக்க அப்பா வாங்கியதில் அரை மூட்டை மிஞ்சிக் கிடந்தது. பசை நீலமாக இருக்கும். கொடிகளைக் காப்பாற்றாத அந்தத் துத்தம் நட்சத்திரங்களையாவது காப்பாற்றட்டும் என்று அத்தை சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் மோட்டார் ரூமிலிருந்து பந்தல் வரைக்கும் வயர் இழுத்து, குண்டு பல்புகளுக்கு ஹோல்டர் மாட்டிக் கொடுத்தார். திராட்சைக் குலை தொங்கிய அதே கம்பிகளில் நட்சத்திரங்கள் தொங்கின. சிவப்பு, மஞ்சள், ஊதா. பச்சைத்தாள் தீர்ந்துபோனதால் பச்சை கிடையாது. பல்பைப் போட்டதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

பரிசுப்பெட்டி என்பது பனையோலைப் பெட்டி. அதற்குள் அம்மா சுட்ட அச்சுமுறுக்கு, இனிப்புக்குக் கல்கல், இரண்டு மெழுகுவர்த்தி, மினுமினுப்புத் தூவிய ஒரு வாழ்த்து அட்டை. மூடியை ரிப்பனால் கட்டுவது என் வேலை. முடிச்சு ஒன்று போல இல்லாவிட்டால் அத்தை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டச் சொல்வாள். நானும் அப்படித்தான் விரும்பினேன்.

முதல் சனிக்கிழமை பந்தலடிக்கு வெளியாளாக வந்தவர் ஒருவர் மட்டுமே. சின்னாளபட்டியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த சேலைக்காரம்மா. அவர் வீட்டுக்காரர் தறியில் நெய்வார், இவர் ஊர் ஊராய் விற்பார். பெருத்த உடம்பு, வெற்றிலை வாய். குரல் ரோட்டுக்குக் கேட்கும். இரண்டு தூண்களுக்கு நடுவே கயிறு கட்டிச் சுங்குடிகளை விரித்துப் போட்டதும், நட்சத்திரம் பிடிக்காதவர்கள்கூடச் சேலைக்காக நின்றார்கள். பேரம் பேசிப் பேசி அடிமாட்டு விலைக்குக் கேட்ட ஒரு டீச்சரிடம், "இந்த வெலைக்கு நூலு தாரேன், வீட்ல போயி நெய்துக்கங்க" என்றார். அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே இரண்டு சேலை எடுத்தார்.

அடுத்த வாரம் கன்னிவாடியிலிருந்து ஒருவர் தேன் கொண்டு வந்தார், இன்னொருவர் மண் அகல். அப்பா தன் பங்குக்குக் கொய்யாவைக் கூடையில் குவித்து வைத்தார். விற்பதற்கு உட்காரமாட்டார். கூடையை வைத்துவிட்டுத் தூரத்தில் வரப்பில் நின்று, யாராவது எடுக்கிறார்களா என்று பார்ப்பார். பஸ் நிற்கவில்லை என்றாலும் டவுனிலிருந்து சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஆட்கள் வந்தார்கள். பங்குச்சாமியார் வந்து ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொண்டு, தன் மோட்டார் சைக்கிளில் அதைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது என்று திகைத்து நின்றார்.

ஆனால் எல்லாரும் கேட்டது, கடையில் விற்பனைக்கு இல்லாத ஒரு பொருளை. மாதிரிக்கு என்று அத்தை ஒரு குடில் வைத்திருந்தாள். அதன் முன்னால் ஒரு தட்டில் கேழ்வரகுப் புல். நவம்பரிலேயே விதைத்தது. விரல் உயரத்துக்குச் சீவினாற்போல் நிற்கும். வந்தவர்கள் குடிலை விட்டுவிட்டு அந்தப் புல்லைத் தடவிப் பார்த்தார்கள். எங்க வீட்ல வரவே மாட்டேங்குதுங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியப்பா வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரி அம்மா, தங்கள் மைதானத்தில் போடப்போகும் பெரிய குடில் முழுவதற்கும் இதே புல் வேண்டும் என்றார். அத்தை உடனே சரி என்றுவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் பல வீடுகளுக்கும் சரி சொல்லியிருந்தாள்.

மறுநாள் பூசை முடிந்து பெரியப்பா நேராகத் தோட்டத்துக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு எப்போதும் தேன்மிட்டாய் வாங்கி வருவார். கவலைப்படுவதைக் கோபமாக மட்டுமே காட்டத் தெரிந்த மனிதர்.

"பள்ளிக்கூடத்துக்கே வாக்குக் குடுத்திருக்க. புல்லு வரலேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க நிப்பேன்?"

"வந்துச்சுன்னா?" என்றாள் அத்தை.

"வந்தா என்ன?"

"வந்துச்சுன்னா நான் கோயம்புத்தூர் போகணுமாண்ணே?"

அப்படி நேராக அவள் கேட்டு யாரும் பார்த்ததில்லை. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா கொய்யாக் கூடையைப் பார்த்தார். வரட்டும், அப்புறம் பேசுவோம் என்று பெரியப்பா ஸ்கூட்டரை உதைத்தார்.

டிசம்பர் எட்டாம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று விதைத்தோம். பழப்பெட்டிகளைப் பாதி உயரத்தில் அறுத்து, தினசரித்தாள் விரித்து, சலித்த மண்ணும் காய்ந்த சாணித்தூளும் கலந்து நிரப்பினோம். ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, மேலே ஈரச்சாக்கு. கொட்டகைக்குள் பெட்டி மேல் பெட்டி வைத்துப் பலகை போட்டு அத்தை தட்டுத்தட்டாக அடுக்கினாள். கோழியும் அணிலும் வராமல் கதவைச் சாத்தி நாதாங்கியை மாட்டினாள். யாரும் உள்ளே போகக் கூடாது, முக்கியமாக நான் போகக் கூடாது என்றாள். அவளிடம் ஒரு நீலத் தகரப் பூவாளி இருந்தது. மூக்கில் பாதி ஓட்டைகள் அடைத்துப்போனதால் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து விழும். காலையில், எல்லாரும் காப்பி குடித்த பிறகு, அத்தை அதைத் தூக்கிக்கொண்டு போவாள். மூன்றாம் நாள் சாக்கை எடுத்தபோது மண் மேல் வெள்ளை ஊசிகள். அன்று எனக்கு மட்டும் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி வருவது நான் கண்ணால் பார்த்தது. எங்கள் பக்கத்தில் மோட்டாருக்குக் கரண்ட் விடிகாலையில்தான் வரும். அப்பா டார்ச்சோடு போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வருவார். தொட்டியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த நான், அவர் நேராக வீட்டுக்கு வராமல் கொட்டகைக்குள் நுழைவதைப் பார்த்தேன். கையில் நீலப் பூவாளி. அத்தை சொல்லி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதே வாரம் சனிக்கிழமை மத்தியானம், அத்தை பந்தலடியில் கூட்டத்துக்கு நடுவே நின்றபோது, அம்மா அச்சுமுறுக்கு மாவுக் கையோடு கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். அவள் சேலையின் கீழ்ப்பக்கம் நனைந்திருந்தது. அதையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் காரியம் செய்வார்கள் என்று ஒன்பது வயதில் யாருக்குத் தோன்றும்?

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரத்துக்கும் சற்று மேல் இருந்தபோது, ஒரு காலையில் அத்தை கொட்டகைக்குள் போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கதவு திறந்தே கிடந்தது. குட்டையில் அடிக்கிற மாதிரி ஒரு வாடை. புல்லெல்லாம் அடியில் பழுப்பாகி, சீவிய முடி போல ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. பலகைகளுக்குக் கீழே தரை சொதசொதவென்றிருந்தது. அத்தை ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "என்ன தப்பு செஞ்சேன்னு தெரியலத்தா" என்றாள் என்னிடம்.

அன்று சேலைக்காரம்மாவும் வந்திருந்தார். பெரிய கூட்டம் வருவதற்கு முன் மூட்டையைக் கொட்டகையில் போட்டுவைக்க வந்தவர், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். அதற்குள் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். சேலைக்காரம்மா ஒரு தட்டின் மண்ணுக்குள் விரலை நுழைத்து எடுத்துப் பார்த்தார்.

"எத்தன கை பட்டுச்சு இதுல?" என்றார்.

"என் கை மட்டுந்தான்க்கா" என்றாள் அத்தை.

"ஒரு கை ஊத்துன தண்ணியா இது? எங்க தெருவுல ஆத்தா கோயிலுக்கு முளைப்பாரி போட்டா அந்த வீட்டப் பூட்டித்தான் வைப்போம். சாவி ஒருத்திகிட்டதான் இருக்கும். ஆளுக்கு ஆளு பாசத்தக் காட்டுனா பயிறு மூச்சு முட்டிச் செத்துப்போகும். நெசத்தச் சொல்லுங்க, யாரு ஊத்துனது?"

அம்மா முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மத்தியானத்துல நாந்தான் செத்த செத்த தெளிச்சேன். வெயில்ல காஞ்சுபோச்சுன்னா இவ பொழப்புப் போயிருமேன்னு."

அத்தை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கேயும் பார்க்கவில்லை. அப்பா கூரை ஓட்டில் ஏதோ விரிசலைக் கண்டுபிடித்தவர் போல அண்ணாந்து நின்றார்.

"அண்ணே, மேல என்ன முளைச்சிருக்கு?" என்றார் சேலைக்காரம்மா.

"மோட்டாரு போட வாரப்போ" என்றார் அப்பா. கொஞ்சம் விட்டு, "ரெண்டு பூவாளி" என்றார்.

"தெனமுமா?"

"தெனமுந்தான்."

சேலைக்காரம்மா சிரித்த சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. "நல்ல குடும்பம்ப்பா. ஊர விட்டு அனுப்பப்போற பொண்ணுக்கா இம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா வெளியே போய் ஒரு தூணில் சாய்ந்து நின்றார். அம்மா, "மதினி" என்று அத்தை கூப்பிட்டும் நிற்காமல், அடுப்பில் எண்ணெய் காய்வதாகச் சொல்லிக்கொண்டு போனாள். அடுப்பு அன்று இன்னும் பற்ற வைக்கப்படவே இல்லை.

இது அம்மா பல வருடம் கழித்து என்னிடம் சொன்னது. வீட்டில் இன்னொரு பெண் இருப்பது அம்மாவுக்குப் பாரம், வாய் திறந்து சொல்லமாட்டாள் என்று அப்பா நினைத்திருந்தாராம். தாலியிழந்த தங்கையை வீட்டில் வைத்திருப்பது அப்பாவுக்கு ஊர்ப்பேச்சுக்குக் கூச்சம், அதுதான் அனுப்பப் பார்க்கிறார் என்று அம்மா நினைத்திருந்தாளாம். இரண்டு பேருக்குமே தான் வேண்டாதவள் என்று அத்தை நினைத்திருந்தாள். ஒரே கூரைக்குக் கீழ் மூன்று பேர், ஒருவர் மனசை ஒருவர் நோகடித்துவிடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலையில் புல் இல்லை என்பதுதான் பெரிய விஷயமாக இருந்தது. பெரியப்பாவின் பள்ளிக்கூடம், வாக்குக் கொடுத்த அத்தனை வீடுகள். கேழ்வரகு மறுபடி விதைத்தால் நாள் போதாது. சேலைக்காரம்மா தன் கடையை விரிக்காமல் முழங்கைக்கு மேல் ரவிக்கையைச் சுருட்டிக்கொண்டார். பாசிப்பயறும் தட்டப்பயறும் ஊறவைக்கச் சொன்னார். அழுகியதையெல்லாம் கொட்டிவிட்டு, பெட்டியடியில் வைக்கோல் போட்டு, ஆட்டு எருவைப் பொடித்துத் தூவி, கதவிடுக்குகளில் சாக்கை அடைத்து இருட்டாக்கினார். முளைப்பாரியை இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலுக்குப் போடலாமா, உங்க சாமி ஒன்றும் சொல்லாதா என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆத்தாளுக்கும் பச்சப்பிள்ளைக்கும் பயிறு ஒண்ணுதான்க்கா. இது வெறும் பயிறு. கும்மி கொட்டுனாத்தான் முளைப்பாரி" என்றார் அவர். போகும்போது அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டினார். "ஒரு கை."

அந்த வாரம் அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு, கொட்டகையைச் சுற்றிக்கொண்டு வேறு வரப்பு வழியாக வீட்டுக்கு வந்ததை நான் பார்த்தேன். கொட்டகை வாசல் வழியாக வந்தால் கை சும்மா இருக்காது என்று பயந்திருப்பார் போலிருக்கிறது. அம்மா மத்தியான நேரத்தில் தேவையில்லாமல் பாத்திரம் விளக்கினாள்.

பயறு வளர்ந்தது. அப்படியொரு வேகத்தை நான் பார்த்ததில்லை. படுக்கும் முன் அத்தை விரலால் உயரம் காட்டுவாள், மறுநாள் அது முழ அளவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் வெளிச்சம் விழக் கொட்டகைக் கதவை அகலத் திறந்தபோது எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். இருட்டில் வளர்ந்ததால் தண்டும் இலையும் வெளுத்து மஞ்சளாக, மெழுகுவர்த்தி நிறத்தில் நின்றன. விவரம் பார்த்துப் போக வந்திருந்த பெரியப்பா, இது என்ன, மஞ்சக்காமாலை வந்த புல்லா என்று கேட்டார்.

"பெத்லகேம்ல மார்கழி மாசம் புல்லு பச்சையா இருந்துச்சுன்னு நீங்க போயிப் பாத்தீங்களாக்கும்?" என்றாள் அம்மா.

அம்மா பெரியப்பாவுக்கு முன்னால் உட்காரவே மாட்டாள். அவரிடம் எதிர்த்துப் பேசி அன்றுதான் பார்த்தேன். பெரியப்பாவுக்கே அது புரிய நேரம் பிடித்தது. அத்தை ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வந்து பந்தலடியில், நட்சத்திரங்களுக்குக் கீழே, வெயிலில் வைத்தாள். நாங்களும் தூக்கினோம். பெரியப்பாவும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியைத் தூக்கினார். சந்தைக்கு வந்தவர்கள் மஞ்சள் பயிரை வேடிக்கை பார்த்தபடி சேலை வாங்கினார்கள், தேன் வாங்கினார்கள். மறுநாள் மத்தியானத்துக்குள் நுனியிலிருந்து பச்சை இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் பள்ளிக்கூடத்து வண்டி வந்து நின்றபோது பந்தலடி முழுக்க இளம்பச்சை, காற்றில் ஒன்றாக அசைந்தது. கன்னியாஸ்திரி அம்மா இது நான் பார்த்த புல் இல்லையே, அதைவிட நன்றாக இருக்கிறதே என்றார். பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எங்க வீட்டுத் தோட்டத்துல இப்படித்தான் வளக்கிறது என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று கடையில் எங்கள் குடிலுக்குக்கூடப் புல் மிஞ்சவில்லை. வைக்கோல்தான் வைத்தோம்.

பிறகு வீடு அமைதியானது. பந்தலில் நட்சத்திரங்கள் இன்னும் தொங்கின, பனியில் தாள் தளர்ந்து. கோயம்புத்தூரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. போக வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டின் வழக்கம் அது. அத்தை சேலைகளை ஒவ்வொன்றாகத் தகரப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். கொடி காலியாகிக்கொண்டே வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று பூசை முடிந்ததும், அப்பா எங்களை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு டவுனிலேயே நின்றுகொண்டார். பெரியப்பாவைப் பார்க்கப் போகிறார், கோயம்புத்தூர் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்யத்தான் என்று நாங்கள் நினைத்தோம். அத்தை சமைத்தாள். அம்மா இலை போட்டாள். மத்தியானம் தாண்டி அப்பா வந்தார். தினசரித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அத்தைக்கு முன்னால் வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

உள்ளே பூட்டு. எங்கள் ஊரில் பூட்டு வாங்குவது பெரிய சங்கதி இல்லை, தெருவுக்குத் தெரு பட்டறை. ஆனால் இது கைக்கு அடங்காத பெரிய மாங்காய்ப் பூட்டு. பித்தளையில் அரத்தின் கோடுகூட இன்னும் போகவில்லை. சொல்லிச் செய்ததாக இருக்க வேண்டும். கூடவே கம்பியில் கோத்த இரண்டு சாவி.

அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா துண்டில் கையைத் துடைத்தபடி வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"கொட்டகைக்கு" என்றார். "நாதாங்கிய மட்டும் நம்பி விட முடியாது. நான் வேற இருக்கேன். ரெண்டு சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும், தாயி. பெரியவர்கிட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன், கடைக்கு ஆளு வேணும்னு."

"அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டது அம்மாதான்.

"வார வருசம் கோயில் குடிலுக்கும் சேத்துப் போடச் சொன்னாரு. சோத்தப் போடு."

அத்தை பூட்டில் சாவியைப் போட்டு ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது, கனமாக, ஒரே தடவை. பிறகு கம்பியைப் பிரித்து ஒரு சாவியைத் தனியே எடுத்தாள். சோற்றுக் கரண்டியோடு நின்ற அம்மாவின் முந்தியைப் பிடித்து, அதன் நுனியில் அந்தச் சாவியை வைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். அம்மா கரண்டியை வைத்திருந்ததால் தடுக்க முடியவில்லை. தடுத்திருக்கவும் மாட்டாள்.

டிசம்பர் சந்தை அதற்குப் பிறகு ஒரு வருடமும் நிற்கவில்லை. பந்தலில் மறுபடி திராட்சை ஏறியது, இறங்கியது. கொட்டகைக்கு இப்போது இரும்பு ஷட்டர். பழைய பலகைக் கதவும் பூட்டும் என்றைக்கோ கழித்துப் போட்டதோடு போய்விட்டன. நீலப் பூவாளி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் விசாரிக்காத ஆள் இல்லை. அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. இப்போதும் புல்லுக்குத் தண்ணீர் ஊற்ற அவள் யாரையும் விடுவதில்லை.

அம்மா போன பிறகு அவள் பீரோவை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னுடையதானது. கீழ்த்தட்டில், அவள் கடைசியாகக் கட்டிய சுங்குடிச் சேலைகளுக்கு நடுவே, முந்தி முடிச்சு அவிழாமல் ஒன்று இருந்தது. உள்ளே சாவி. அத்தையிடம் கொண்டுபோனேன். அவள் தன் சுருக்குப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்தாள். இரண்டையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அத்தையுடையது பல் தேய்ந்து, விளிம்பு மழுங்கி, நாணயம் போல வழுவழுப்பாக இருந்தது. அம்மாவுடையதில் பல் கூர்மையாக அப்படியே இருந்தது. ஓரத்தில் அரம் உரசிய கோடுகூடத் தெரிந்தது.

"பாரு, மதினி ஒரு தடவகூடத் திறக்கல" என்றாள் அத்தை.

"அப்புறம் எதுக்கு இத்தன வருசம் முடிஞ்சு வச்சிருந்தாங்க?"

அத்தை அம்மாவின் சாவியை எடுத்துத் தன் முந்தியில் முடிந்துகொண்டாள்.

"வச்சிருக்கத்தான்" என்றாள்.